களையை அடக்கும் செடிச்சாரம்: நம்பத்தக்கது எவ்வளவு?

பயிரிடுவோனுக்குப் பகைகள் பல. பூச்சி சில வருஷங்களில் வரும். நோய் சில நிலங்களில் தோன்றும். மழை சில பருவங்களில் பொய்க்கும். களை ஒன்றே வருஷந்தோறும், போகந்தோறும், நிலந்தோறும் தவறாமல் வருவது. பூச்சி தின்றதைக் கண்ணால் கண்டு வருந்துகிறோம். களை தின்றது கண்ணுக்குத் தெரியாமையால் அதன் நஷ்டத்தை நாம் கணக்கில் எழுதுவதில்லை. நட்ட நெல்லில் முதல் முப்பது முதல் நாற்பத்தைந்து நாள் வரை களையை ஓங்கவிட்டவன், பின்பு எவ்வளவு எருவிட்டாலும் அந்நஷ்டத்தை ஈடு செய்ய முடியாதென்பது அநுபவசாலிகள் அனைவரும் அறிந்ததே.

தாம்பரத்துக்குத் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள கிராமங்களில் இத்தொல்லை இரட்டிப்பாகியிருக்கிறது. அகரம்தென், மதுரப்பாக்கம், வேங்கடமங்கலம், பொன்மார், மாம்பாக்கம் முதலிய ஊர்களில் இன்னும் கலப்பை நடக்கும் நிலங்கள் உண்டு. ஆனால் அவற்றின் பக்கத்திலேயே மனைகளாகப் பிரிக்கப்பட்டு, வீடும் எழாமல் பயிரும் ஏறாமல் கிடக்கும் நிலங்களும் உண்டு. அங்கே முற்றும் களைவிதை காற்றிலும் மழைநீரிலும் பக்கத்து வயலுக்கு வந்து சேர்கிறது. களையெடுக்கும் ஆட்களோ தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் போய்விட்டனர். எஞ்சியிருப்போர் கேட்கும் கூலியைக் கொடுத்துக் கட்டுப்படியாவதில்லை என்று நிலமுடையோர் முறையிடுகின்றனர். அக்கூலியில் குடும்பம் நடப்பதில்லை என்று வேலை செய்வோர் சொல்லுகின்றனர். இரண்டும் உண்மையே.

இந்நிலையில், களைக்கொல்லி மருந்துகளுக்குப் பதிலாகச் செடிகளிலேயே இயற்கையாக அமைந்துள்ள ரசாயன வஸ்துக்களைக் கொண்டு களையை ஒடுக்கலாம் என்ற பேச்சு கிராமங்களில் பரவியிருக்கிறது. சிலர் இதனை முற்றும் நம்பி, இலையை ஊறவைத்துத் தெளித்தாற் போதும் என்கின்றனர். வேறு சிலர் இஃது வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடுகின்றனர். எமது அபிப்பிராயம் இவ்விரண்டிலும் சேராது. செடிகளுக்கு இச்சக்தி உண்டென்பது ஐயத்துக்கிடமில்லாத உண்மை. ஆனால் அச்சக்தியைச் சாறாகப் பிழிந்து நிலத்தில் கொட்டுவதனால் வரும் பயன் சொற்பம். அச்சக்தியுள்ள செடியை வயலில் வைத்து வளர்ப்பதனாலும், அதன் தட்டையை நிலத்தில் பரப்புவதனாலும், பயிரை மாற்றி மாற்றி வைப்பதனாலும் வரும் பயனே பெரிது. இதனைக் காரணங்களோடு விளக்குவோம்.

இச்சக்தியின் இயல்பு

ஒரு செடி தன் வேர், இலை, சருகு, விதை ஆகியவற்றிலிருந்து வெளிவிடும் வஸ்துக்களால் பக்கத்துச் செடியின் முளைப்பையோ வளர்ச்சியையோ பாதிப்பதற்கு விஞ்ஞானிகள் அல்லெலோபதி என்று பெயரிட்டுள்ளனர். 1937-ஆம் ஆண்டில் இப்பெயரை வழங்கியவர் ஆஸ்திரிய நாட்டுத் தாவர சாஸ்திரியான ஹான்ஸ் மோலிஷ் என்பவர். பழுத்த ஆப்பிளிலிருந்து எழும் ஆவி பிற செடிகளைப் பாதிப்பதை ஆராய்ந்தபோது அவர் இச்சொல்லை ஆக்கினார். அவர் நம் நாட்டுக்குப் புதியவரல்லர். 1928-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு வந்து, ஜகதீச சந்திர போஸ் ஸ்தாபித்த ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தவர்.

பெயர் புதிதேயன்றிப் பொருள் புதிதன்று. புளியமரத்தடியில் பயிர் தலையெடுக்காதென்பது நம் முன்னோர் கண்டது. நிழலும் அதற்குக் காரணம். வேர் நீரைக் குடிப்பதும் காரணம். ஆனால் புளியின் இலையிலும் வேரிலும் உள்ள வஸ்துக்கள் இளஞ்செடிகளின் வளர்ச்சியை ஒடுக்குகின்றன என்று ஜப்பானில் நடந்த பரீட்சைகள் காட்டியுள்ளன. நமது கடற்கரைக் கிராமங்களில் சவுக்குத் தோப்பின் அடியில் சருகு கனத்துக் கிடக்குமிடத்தில் புல் முளைப்பது அருமை என்பதையும் அனைவரும் கண்டிருப்பர்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஒரு செடியின் அருகே மற்றொன்று வாடினால் உடனே அதனை ரசாயனத்தின் மேல் ஏற்றிவிடக் கூடாது. நிழல், நீர்ப்போட்டி, சத்துப்போட்டி, சருகின் கனம் என்ற நான்கும் அதே வேலையைச் செய்யும். குடியானவனுக்குக் களை அடங்கினாற் போதுமே, எதனால் அடங்கினால் என்ன என்று கேட்கலாம். ஆனால் காரணம் தெரிந்தால்தான் வழி தெரியும். நிழலால் அடங்குவதாயின் செடியை நெருக்கி விதைக்கவேண்டும். ரசாயனத்தால் அடங்குவதாயின் தட்டையைப் பரப்பினாலும் போதும். காரணத்தை மாற்றி எண்ணினால் செலவு வீணாகும்.

களையும் இவ்வாயுதம் தரித்ததே

இச்சக்தி பயிருக்கு மட்டும் அமைந்த வரம் என்று எண்ணலாகாது. நம்மைத் துன்புறுத்தும் களைகள் பலவற்றின் வெற்றிக்கும் இதுவே ஒரு காரணம். 1950-களின் நடுவில் பூனா நகரத்தில் முதன்முதலில் கவனிக்கப்பட்ட பார்த்தீனியம் என்னும் விஷப்பூண்டு இன்று தேசமெங்கும் பரவியுள்ளது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள காலி மனைகளிலும் சாலையோரங்களிலும் மழை பெய்த சில வாரங்களில் வெள்ளைப் பூவோடு நிற்பது அதுவே. பார்த்தெனின் என்ற வஸ்து அதன் இலையிலும் தண்டிலும் பூவிலும் உண்டு. பக்கத்துச் செடிகளின் முளைப்பை அது கெடுக்கிறது. மனிதருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் விளைவிக்கிறது. சீமைக் கருவேலின் சருகிலும் பிற செடிகளை ஒடுக்கும் வஸ்துக்கள் உள்ளன.

இதிலிருந்து நாம் அறியவேண்டியவை இரண்டு. ஒன்று, இயற்கையானது என்பதனாலேயே ஒரு வஸ்து தீங்கற்றதாகிவிடாது. எருக்கம்பாலும் அரளி விதையும் இயற்கையே. மற்றொன்று, களையை மண்ணில் மடக்கி உழுவதனால் எப்போதும் எருவே கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே பிடுங்கி நன்றாக மட்கவைத்த பிறகே நிலத்தில் இடவேண்டும். பச்சையாகப் புதைத்து மறுநாளே விதைப்பது தகாது.

சிதம்பரத்துப் பரீட்சையும் நமது ஏரிக் கணக்கும்

இவ்விஷயத்தில் நமது மாகாணத்துக்குப் பெருமை தரத்தக்க ஆராய்ச்சி ஒன்று உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வேளாண்மைப் பேராசிரியர் ஆர். எம். கதிரேசன், நம் நாட்டுச் செடிகள் பலவற்றை ஆகாயத் தாமரையின் மேல் பரீட்சித்து, அதன் முடிவை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நம் வீட்டுக் கொல்லைகளில் சளிக்கு மருந்தாக வளர்க்கும் கற்பூரவல்லியே அவற்றுள் முதன்மையாக நின்றது. அதன் உலர்ந்த இலைத்தூளை லிட்டர் நீருக்கு 40 கிராம் வீதம் கலந்த நீரில் ஆகாயத் தாமரை ஒரு நாளுக்குள் மாண்டது. இதன் பின்னர், ஆகாயத் தாமரையைத் தின்னும் கூன்வண்டுகளையும் இலைத்தூளையும் இணைத்துப் பிரயோகிப்பதையும் அவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்தனர்.

இச்செய்தியைக் கேட்டவர் உடனே நமது ஏரிகளை நினைப்பர். தாம்பரத்தைச் சுற்றிய ஏரிகள் பலவற்றில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் ஆகாயத் தாமரை மூடிக்கிடக்கும் காட்சி எல்லோரும் அறிந்ததே. கற்பூரவல்லியைக் கொண்டு வந்து கொட்டிவிடலாமே என்று தோன்றும். ஆகவே கணக்குப் பார்ப்போம்.

ஏரியில் ஒரு ஏக்கர் பரப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதில் ஒரு மீட்டர் ஆழம் நீர் நிற்பதாக வைத்தால் சுமார் 40 லட்சம் லிட்டர் ஆகும். லிட்டருக்கு 40 கிராம் வீதம் 1,60,000 கிலோ, அதாவது 160 டன் உலர்ந்த இலைத்தூள் வேண்டும். பச்சை இலையாகக் கணக்கிட்டால் அதனினும் பன்மடங்காகும். கற்பூரவல்லியின் இலை பெரும்பாலும் நீரே அன்றோ? இருபது ஏக்கர் நீர்ப்பரப்புள்ள சிறு ஏரிக்கு 3,200 டன் தூள். இதனை விளைவிக்க நிலம் எங்கே? உலர்த்தக் களம் எங்கே? இவ்வளவும் கலந்த நீரில் மீன் பிழைக்குமா? ஆகாயத் தாமரை ஒரே நாளில் மாண்டு நீரிலேயே அழுகினால், நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீனினம் அழியும் என்பதும் தெரிந்த விஷயமே.

இக்கணக்கு அப்பேராசிரியரின் ஆராய்ச்சிக்குக் குறை கூறுவதன்று. ஒரு செடிக்குள் இவ்வாற்றல் உள்ளது என்று நிரூபித்தது பெரிய காரியம். எந்த வஸ்து இவ்வேலையைச் செய்கிறது, அதனை எவ்வாறு குறைந்த அளவில் பிரயோகிக்கலாம் என்று மேலும் ஆராய அது வழிவகுத்தது. நாம் சொல்ல வருவது இதுவே: தொட்டியில் நிரூபித்ததை ஏரியில் நிரூபித்ததாக எண்ணலாகாது. சாறும் தூளும் தொட்டிக்குப் பொருந்தும். ஏரிக்குக் கையும் இயந்திரமும் வண்டுமே பொருந்தும்.

ஏரியில் ஆகாயத் தாமரை பெருகுவதற்கு மூலகாரணம் அதில் வந்து விழும் சாக்கடை நீர். கழிவுநீரில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்துமே அதற்கு எரு. எருவை நிறுத்தாமல் செடியை மட்டும் அகற்றினால், எஞ்சிய சில செடிகளே மீண்டும் ஏரியை மூடிவிடும். சேற்றில் கிடக்கும் விதையோ பல வருஷங்கள் உயிரோடிருந்து முளைக்கும்.

நெற்பயிரின் சொந்த ஆயுதம்

இனி வயலுக்கு வருவோம். நமது முக்கியப் பயிராகிய நெல்லுக்கே இச்சக்தி உண்டென்பது பலர் அறியாதது. நெல் உமியிலிருந்து மோமிலாக்டோன் என்ற வஸ்துவை ஜப்பானியர் 1973-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தனர். நெல்லின் வேரும் இதனை மண்ணில் கசியவிடுகிறது என்பதும், குதிரைவாலிப்புல் முதலிய களைகளின் வளர்ச்சியை இது ஒடுக்குகிறது என்பதும் பின்னர்த் தெரிந்தன. அமெரிக்காவில் அர்க்கன்ஸாஸ் மாகாணத்தில் டில்டே என்பவரும் அவர் குழுவினரும் 1980-களில் உலகெங்கிலுமிருந்து திரட்டிய ஆயிரக்கணக்கான நெல் ரகங்களை வயலில் நட்டுப் பார்த்தபோது, சில ரகங்களைச் சுற்றி மாத்திரம் நீர்க்களை முளைக்காமல் வட்டமாக இடம் வெறுமையாயிருந்ததைக் கண்டனர். சீன தேசத்தில் இக்குணத்தையே நோக்கமாகக் கொண்டு பொறுக்கிச் சேர்த்து ‘ஹுவாகான் 3’ என்ற ரகத்தை உண்டாக்கினர். அந்த ரகமும் களையெடுப்பை முற்றும் ஒழித்துவிடவில்லை; நெருக்கி நடுவது, நீரைக் கட்டுவது ஆகியவற்றோடு சேரும்போது களைக்கொல்லியின் அளவைக் குறைக்க உதவுகிறது. அவ்வளவே. அவ்வளவும் லாபமே.

இதில் நமக்கு ஒரு பாடமுண்டு. சென்னையை அடுத்த சைதாப்பேட்டைப் பண்ணையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய விவசாயக் கல்வி 1906-ஆம் ஆண்டில் கோயம்புத்தூருக்குச் சென்ற காலந்தொட்டு, நெல் ரகங்களை விளைச்சல், வயது, நோய் தாங்குதல், அரிசியின் தன்மை ஆகியவற்றைக் கொண்டே தரம் பிரித்து வந்துள்ளோம். களையை அடக்கும் குணத்தை ஒரு தகுதியாக எண்ணி ரகத்தைப் பொறுக்குவது நம்மிடையே வழக்கமாகவில்லை. நமது பகுதிக்கு உரிய திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் டி.கே.எம். என்ற பெயரோடு பல ரகங்களைத் தந்துள்ளது. அங்கும் பிற நிலையங்களிலும் பழைய நாட்டு ரகங்களின் விதைகள் பாதுகாக்கப்படுகின்றன. ஓங்கி வளர்ந்து இலை பரப்பும் பழைய ரகங்களில் களை குறைவு என்று முதியவர்கள் சொல்வதுண்டு. அது நிழலாலா, வேர்க்கசிவாலா, இரண்டாலுமா என்பதைத் திரூர் போன்ற நிலையம் முறையாகப் பரீட்சித்துச் சொல்லவேண்டும் என்பது எமது முதல் வேண்டுகோள். விதையிலேயே அமைந்த குணத்துக்கு வருஷந்தோறும் செலவில்லை. ஏழைக் குடியானவனுக்கும் பெரிய மிராசுதாருக்கும் அது ஒருங்கே பயன்படும்.

நெல்லிலும் ஒரு தீங்குண்டு. வைக்கோலும் தாளும் நீர் நின்ற வயலில் அழுகும்போது சில அமிலங்கள் பிறந்து அடுத்த நெற்பயிரின் வேரையே கருக்குகின்றன. தைவானில் இரண்டாம் போக விளைச்சல் குறைவதற்கு இதுவும் ஒரு காரணமென்று 1970-களில் கண்டனர். நமது ஜில்லாவில் சொர்ணவாரி அறுத்தவுடன் அவசரப்பட்டு, தாளை மடக்கி நீர் கட்டி மறுவாரமே சம்பா நடுவோர் இதனைக் கவனிக்கவேண்டும். தாள் மட்கச் சில வாரம் இடைவெளி விடுவதும், இடையே ஒருமுறை நீரை வடித்துக் காயவிடுவதும் நல்லது.

சோளமும் பசுந்தாளும்

புன்செய்ப் பயிர்களில் இச்சக்தி மிகுந்தது சோளம். அதன் மெல்லிய வேர்த்தூவிகளிலிருந்து எண்ணெய் போன்ற துளிகள் கசிகின்றன. அவற்றிலுள்ள சோர்கோலியோன் என்ற வஸ்துவை 1986-ஆம் ஆண்டில் இனங்கண்டனர். சிறு விதையுள்ள களைகள் முளைத்தவுடன் அவை சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைப்பதை இது தடுக்கிறது. சோளம் வைத்த நிலத்தில் மறு பயிர் சற்றுச் சோர்ந்து வரும் என்று நம் முன்னோர் சொல்லி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சோளத்தட்டை மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் பிடித்து வைத்துக்கொள்வது மற்றொரு காரணம்.

பாகிஸ்தானத்தில் பைசலாபாத் விவசாயப் பல்கலைக்கழகத்தார் முற்றிய சோளத்தட்டையை நீரில் ஊறவைத்து வடித்த சாற்றைக் கோதுமை வயலில் தெளித்து, களையின் எடை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்ததாகக் கண்டனர். பாதி என்பது சிறிதன்று. ஆனால் மற்றப் பாதி நிற்கிறது என்பதையும் மறக்கலாகாது. சாற்றை வடிக்கும் உழைப்பையும் சேர்த்து எண்ணினால், அத்தட்டையை அப்படியே நிலத்தில் பரப்புவதே நமது பகுதிக்கு ஏற்றதென்று எண்ணுகிறோம். தட்டை ரசாயனத்தையும் கசியவிடும், வெளிச்சத்தையும் மறைக்கும், ஈரத்தையும் காக்கும்.

கத்தரி, மிளகாய், வெண்டை பயிரிடுவோர் பார்களின் இடையே உலர்ந்த சோளத்தட்டையை நறுக்கி இரண்டு மூன்று அங்குல கனத்துக்குப் பரப்பலாம். நாற்று விட்டு நடும் கத்தரி, மிளகாய் போன்றவற்றுக்கு இதனால் தீங்கு வருவது குறைவு. நாற்று வேரூன்றிய பிறகு பரப்புவது நலம். வெண்டைக்கு, விதை முளைத்து நான்கைந்து இலை விட்ட பின்பே பரப்பவேண்டும். சிறு விதையைத் தூவி வளர்க்கும் கீரைப் பாத்திகளிலோ இதனைப் பரப்பவே கூடாது; களையைத் தடுக்கும் அதே வஸ்து கீரை விதையையும் தடுத்துவிடும். நகரத்துக்கு நாள்தோறும் கீரை அனுப்பும் நமது கிராமத்தார் இவ்விஷயத்தில் மிக எச்சரிக்கையாயிருக்க வேண்டும். தட்டை பரப்பிய நிலத்தில் பயிருக்குத் தழைச்சத்து குறையாதபடி மட்கிய தொழுவெருவும் சேர்த்து இடுதல் வேண்டும்.

நன்செயில் இதனினும் எளிய வழி பசுந்தாள். சம்பா நடவுக்கு முன் நிலம் வெறுமையாய்க் கிடக்கும் வாரங்களில் களை முளைத்து விதை உதிர்ப்பதே வழக்கம். அவ்விடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, நாற்பத்தைந்து நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், களைக்கு நிழலாலும் நெருக்கத்தாலும் இடமில்லாமற் போகும். பயிருக்குத் தழைச்சத்தும் கிடைக்கும். இங்கே பெரும்பங்கு வேலை செய்வது நிழலே. ரசாயனத்தின் பங்கு சிறிது. ஆயினும் பயன் ஒன்றே. புழுதியில் நேரடியாக நெல் விதைப்போர், நெல்லோடு தக்கைப்பூண்டையும் விதைத்து, இருபத்தைந்து முப்பது நாளில் அதனை மடக்கிவிடும் முறையையும் கைக்கொள்ளலாம். வரிசையில் விதைத்திருந்தால் உருளைக் களைக்கருவியைத் தள்ளியே அதனை மிதித்துவிடலாம்.

கோரை, அறுகு ஆகிய இரண்டுக்கும் இம்முறைகள் முழுமருந்தாகா. அவை விதையால் மட்டுமின்றி, மண்ணுக்குள் கிடக்கும் கிழங்காலும் தண்டாலும் பெருகுவன. மேல்மண்ணில் கசியும் வஸ்து ஆழத்திலுள்ள கிழங்கை எட்டுவதில்லை. கோடையில் ஆழ உழுது கிழங்கை வெயிலில் காயப்போடுவதும், பின்பு நெருக்கமான பசுந்தாளால் நிழலிடுவதுமே வழி.

புட்டியில் விற்பவை

‘மூலிகைக் களைக்கொல்லி’ என்ற பெயரோடு புட்டிகளில் சில திரவங்கள் விற்கப்படுகின்றன. உப்பு, சுண்ணாம்பு, கோமியம் முதலியவற்றைக் கலந்து தெளிக்கச் சொல்லும் முறைகளும் வாய்மொழியாகப் பரவுகின்றன. இவற்றைப் பற்றி ஒளிக்காமற் சொல்லவேண்டும். உப்பு களையைக் கருக்குவது உண்மை. ஆனால் உப்பு செடிச்சாரமன்று. அது மண்ணிலேயே தங்கும். அடுத்த பயிரையும் கருக்கும். கடலுக்கு அருகான நமது தென்பகுதிக் கிராமங்களில் கிணற்றுநீர் ஏற்கெனவே உவர்ப்பேறி வரும்போது, கையால் உப்பை வாரி நிலத்தில் இடுவது தன் காலில் தானே வெட்டிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

புட்டியை வாங்குவோர் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இதில் உள்ள வஸ்து எது, எவ்வளவு? எந்தக் களையை, எந்தப் பருவத்தில் அடக்கும்? எந்தப் பயிருக்குத் தீங்கு செய்யும்? இம்மூன்றுக்கும் சீட்டில் எழுத்துமூலமான விடையில்லையாயின் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்வது விவேகம். களைகள் அனைத்தையும் கொல்லும், பயிர் ஒன்றையும் தொடாது என்று சொல்லப்படும் வஸ்து எதுவாயினும் அதனைச் சந்தேகிக்கவேண்டும். செடிக்கும் செடிக்கும் பேதம் பார்க்கும் சக்தி எந்த ரசாயனத்துக்கும் ஓர் எல்லைக்குட்பட்டதே.

செடிச்சாரத்தை உண்மையாகவே மருந்தாக்குவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறோம். நகரத்துத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கும் ‘பாட்டில் பிரஷ்’ மரத்தின் கீழே களை குறைவாயிருப்பதை 1977-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒரு விஞ்ஞானி கவனித்தார். அதிலுள்ள வஸ்து நேராகப் பயன்படும் அளவுக்கு வலிமையுள்ளதாயில்லை. அதன் அமைப்பைப் பின்பற்றி ரசாயனசாலையில் பல மாற்றங்கள் செய்து, இறுதியில் மீசோட்ரையோன் என்ற களைக்கொல்லி 2001-ஆம் ஆண்டளவில் சந்தைக்கு வந்தது. கால் நூற்றாண்டு உழைப்பு அது. கொல்லையில் ஒரு வாரம் ஊறவைத்த சாற்றிலிருந்து அதே பயனை எதிர்பார்ப்பது நியாயமன்று.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

வயல் ஒருவருடையது, களைவிதை ஊர்ப்பொது. ஆகவே தனிக் குடியானவரின் முயற்சி மாத்திரம் போதாது. கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் மனம் வைத்தால் பின்வரும் காரியங்கள் பெருஞ்செலவின்றி நடைபெறும்.

முதலாவது, காலி மனைகளிலும் சாலையோரங்களிலும் நிற்கும் பார்த்தீனியத்தை மழைக்குப்பின் மண் ஈரமாயிருக்கும்போது, பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்கச் செய்தல். பிடுங்குவோருக்குக் கையுறையும் மூக்குக்கு மறைப்பும் அவசியம் கொடுக்கவேண்டும். பூத்தபின் பிடுங்கினால் விதையைப் பரப்பியதாகவே முடியும்.

இரண்டாவது, பிடுங்கிய இடத்தை வெறுமையாய் விடாமல் தகரை, கொழுஞ்சி, துலுக்கச் சாமந்தி போன்றவற்றை முதல் மழையோடு விதைத்தல். இவை இடத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தீனியத்தை நெருக்குகின்றன. கர்நாடகத்தில் இதன்பொருட்டு அயல்நாட்டு ஊசித்தகரை வகையொன்றைப் பரப்பிப் பயன் கண்டனர். எனினும் ஓர் அயல்செடியை ஒடுக்க மற்றோர் அயல்செடியைப் புகுத்துவது பின்பு தானே ஒரு தொல்லையாகக் கூடும். நம் நாட்டில் நெடுங்காலம் பழகிய செடிகளைக் கொள்வதே நலம். 1980-களில் மெக்ஸிகோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்ட, பார்த்தீனிய இலையைத் தின்னும் சிறு வண்டு மழைக்காலத்தில் இப்பூண்டின் மேல் காணப்படின், அதனைப் பூச்சியென்று மருந்தடித்துக் கொல்லாதிருக்கவேண்டும்.

மூன்றாவது, ஏரி. ஆகாயத் தாமரையைக் கோடையில் நீர் வற்றும்போது அகற்றுவதே மலிவு. அகற்றியதைக் கரையிலேயே குவித்துவைத்தால் முதல் மழையில் மீண்டும் நீருக்குள் சேரும். அப்பால் கொண்டுபோய்ச் சாணத்தோடு அடுக்கி மட்கவைத்தால் நல்ல எருவாகும். நகரக் கழிவு கலக்கும் ஏரிகளின் செடியில் கன உலோகங்கள் சேர்ந்திருக்கக் கூடுமாதலால், அவ்வெருவைக் கீரைக்கும் காய்கறிக்கும் இடாமல் மரக்கன்றுகளுக்கு இடுக. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏரியில் விழும் கழிவுநீர்க் கால்வாய் எதுவென்று வரைபடத்தோடு மேலதிகாரிகளுக்கு எழுதுவது கிராம அதிகாரியின் கடமை. அஃதின்றி மற்றவையெல்லாம் ஓட்டைக் குடத்தில் நீர் மொண்ட கதையே.

தாமே பரீட்சித்துப் பார்க்கும் முறை

நாம் சொல்வதையும் குடியானவர்கள் கண்மூடி ஏற்கவேண்டாம். இரண்டு எளிய பரீட்சைகளைத் தாமே செய்யலாம்.

முதலாவது வீட்டுத் திண்ணையிலேயே செய்யத்தக்கது. சோதிக்க எண்ணும் தழையை உலர்த்தி, 100 கிராம் எடுத்து ஒரு லிட்டர் நீரில் ஒருநாள் ஊறவைத்து வடிகட்டுக. இரண்டு தட்டுகளில் ஈரத்துணி விரித்து, ஒவ்வொன்றிலும் தாம் பயிரிடப்போகும் விதையில் 25 எண்ணி வைக்க. ஒன்றில் சாற்றையும் மற்றொன்றில் வெறும் நீரையும் தெளித்து வருக. ஒரு வாரத்தில் எத்தனை முளைத்தன, வேர் எவ்வளவு நீண்டது என்று அளந்தால், அத்தழை பயிருக்கு ஆகுமா ஆகாதா என்பது புலப்படும். களைவிதையையும் அவ்வாறே பார்க்கலாம். பயிரும் களையும் ஒருங்கே கெட்டால் அத்தழை நமக்குப் பயனில்லை.

இரண்டாவது வயலில் செய்யத்தக்கது. ஒரே மண்ணுள்ள இடத்தில் ஒவ்வொரு சென்டாக இரண்டு துண்டுகளைப் பிரித்து, ஒன்றில் தட்டை பரப்பியும் மற்றொன்றில் பரப்பாமலும் ஒரே பயிர் வைக்க. இருபதாம் நாளிலும் நாற்பதாம் நாளிலும், ஒரு முழத்துக்குச் சற்று அதிகமாக, அரை மீட்டர் சதுரமான மரச்சட்டத்தை ஒவ்வொரு துண்டிலும் நான்கு இடங்களில் வைத்து, அதற்குள் அகப்பட்ட களைகளை எண்ணி எழுதுக. நான்கும் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். களையெடுத்த ஆட்கூலியையும் இறுதியில் விளைச்சலையும் சேர்த்து எழுதினால், லாப நஷ்டம் யாரும் மறுக்கமுடியாதபடி விளங்கும். இவ்வாறு கிராமத்துக்கு இருவர் மூவர் எழுதி வைத்த கணக்கைக் காட்டுப்பாக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தாரிடமோ, தம் வட்டார விவசாய அலுவலரிடமோ காட்டி ஆலோசிக்கலாம். வெவ்வேறு மண்ணில் நடந்த பரீட்சைகளைக் கொண்டே இலாகாவும் உறுதியான யோசனை சொல்லமுடியும்.

முடிவாக

செடிச்சாரத்தால் களையை அடக்குவது களைக்கொட்டுக்குப் பதிலாக வந்த மந்திரக்கோலன்று. களைக்கொட்டின் வேலையைக் குறைக்க வந்த ஒரு துணை. நான்கு ஆள் எடுத்த இடத்தில் இரண்டு ஆள் போதுமென்றாயின், அதுவே ஆள் பஞ்சமுள்ள நமது பகுதியில் ஒரு குடும்பம் நிலத்தை விற்காமல் வைத்துக்கொள்வதற்கும் விற்றுவிடுவதற்கும் இடையேயுள்ள வித்தியாசமாகக் கூடும். மனைத்தரகர் வந்து கேட்கும்போதெல்லாம் குடியானவர் மனம் தளர்வதற்குச் சாகுபடிச் செலவே முதற்காரணம். அச்செலவில் களை பிடுங்கித் தின்னும் பங்கு பெரிது. ஆகையால் இதனை அற்பக் காரியமென்று அசட்டை செய்யாமலும், அற்புதமென்று ஏமாறாமலும், வரும் பருவத்தில் ஒரு சென்ட் நிலத்திலாவது பரீட்சித்துப் பார்க்கும்படி குடியானவர்களையும், ஊர்ப்பொதுவில் நிற்கும் களையைப் பூக்குமுன் அகற்றும்படி கிராம அதிகாரிகளையும் கேட்டுக்கொள்ளுகிறோம்.